எந்தச் சாமிக்கும் தெரியாத பலகாரம்

ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அந்த வேலை நமக்குக் கைவந்துவிட்டது என்று நம்புகிற பருவம் எல்லோருக்கும் ஒருமுறை வரும். பெரும்பாலானவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும். எனக்கு முப்பதை நெருங்கும்போதுதான் ஆரம்பித்தது, அதுவும் கல்யாணம் பேச வேண்டிய சமயத்தில்.

நானும் ஷீபாவும் ஒரே அலுவலகம். கேன்டீனில் ஆரம்பித்த பேச்சு மெல்ல வளர்ந்து, இரண்டு வீட்டிலும் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தது. அவள் வீடு பம்மலில். அப்பா செல்வராஜ் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். அம்மா ரோஸ்லின் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஞாயிறு ஆராதனை, வீட்டில் தினமும் ஜெபம் என்று ஒழுங்காக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். என் வீடு அஸ்தினாபுரத்தில், ஒரு மாடிக் குடியிருப்பில். பெருமாளுக்குக் காட்டாமல் ஒரு பருக்கைகூட சமையலறையைத் தாண்டி வெளியே வராத குடும்பம்.

இரண்டு வீட்டிலும் சண்டை வரவில்லை. சண்டை வந்திருந்தால் தேவலை. பல மாதம் யாரும் எதுவும் பேசவில்லை. கடைசியில் ஒருநாள் ஷீபா போன் செய்தாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை மம்மியும் டாடியும் உங்க வீட்டுக்கு வர்றாங்க. சும்மா பாத்துட்டுக் கெளம்பிடுவோம். அரை மணி நேரம்தான்.”

“வரட்டும், வரட்டும்.”

“சீனு, ஒரே ஒரு விஷயம். மம்மி சாமிக்குப் படைச்சது எதையும் சாப்பிட மாட்டாங்க. அவங்க நம்பிக்கை அது. தயவுசெஞ்சு வற்புறுத்த வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு.”

சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. யோசித்தாள். யோசித்துவிட்டு, “எனக்கும் அது நம்பிக்கைதானே. சாமிக்குக் காட்டாம ஒருத்தருக்குத் தட்டுல போட்டா, எனக்கு மனசு உறுத்துமே” என்றாள்.

“அப்ப கடையில வாங்கிடலாம்மா.”

“கல்யாணம் பேச வர்றவங்களுக்குக் கடை பஜ்ஜியா?”

கடையில் வாங்கினாலும் பிரச்சனை தீராது. அம்மா பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரிப்பதற்கு முன் பூஜை அலமாரி முன்னால் ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத்தான் பிரிப்பாள். (காபிக்கு மட்டும் விலக்கு. பெருமாள் காபி குடிப்பதில்லை என்பது அவள் முடிவு.) ஆக, அம்மா தொட்டால் பிரசாதம், அம்மா தொடாவிட்டால் அவமரியாதை. இரண்டு நாள் கூண்டில் அடைத்த நாய் மாதிரி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். அப்பாவுக்கு என்னைப் பார்த்தே தலை சுற்றியது. “உக்காருடா, கண்ணு வலிக்குது” என்றார்.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. தாடி வைத்த ஒருவர், மரமேஜை, சிவந்த தக்காளி. மொறுமொறுவென்று வாட்டிய பிரெட்டில் பூண்டைத் தேய்த்து, மேலே தக்காளியும் பேசில் என்ற இலையும் போட்டு, ஆலிவ் எண்ணெயை மழைச்சாரல் மாதிரி தெளித்தார். பெயர் புரூஸ்கெட்டா, இத்தாலிப் பலகாரம். எல்லாமே ஃபிரெஷ்ஷாக இருக்கவேண்டும், அது ஒன்றுதான் ரகசியம் என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. எந்தச் சாமிக்கும் தெரியாத பலகாரம். இதைப் பெருமாளுக்குக் காட்டவேண்டும் என்று அம்மாவுக்கே தோன்றாது. சமைக்கப்போவதும் நான். கடையில் வாங்கிப் போட்ட அவமரியாதையும் இல்லை. உலக சமாதானத்துக்கு விருது கொடுக்கிறவர்கள் அன்று அஸ்தினாபுரம் பக்கம் வந்திருந்தால் என்னைத்தான் தேடியிருப்பார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது பெயரில்தான் முதல் தடை வந்தது.

“என்ன பேர் சொன்ன?”

“புரூஸ்கெட்டா.”

“புருஷன் கெட்டாவா? கல்யாணம் பேசற அன்னிக்கு இப்படி ஒரு பேரா வைக்கணும்?”

ஒருவழியாக ஒப்புக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க சமையலறை என் வசம், அவள் காபி மட்டும் போடுவாள் என்று ஒப்பந்தம். அதற்குமுன் ஒருமுறை செய்து பார்த்தாயா என்று நீங்கள் கேட்கலாம். வீடியோவைப் பல தடவை பார்த்திருந்தேன். அதையே செய்து பார்த்ததாக என் மூளை கணக்கு வைத்துக்கொண்டது.

ஞாயிறு காலை குரோம்பேட்டைக்குப் போய் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் வாங்கினேன். கட்டை மாதிரி நீளமான பிரெட், சின்ன டப்பாவில் பேசில் இலை, பச்சை பாட்டிலில் ஆலிவ் எண்ணெய். அவர்கள் சாயந்திரம்தான் வருவதாகப் பேச்சு. பையை மடியில் வைத்துக்கொண்டு, செம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் ஷேர் ஆட்டோவில் போனதில்லை.

பாதி வழியில் ஷீபாவிடமிருந்து மெசேஜ். “சர்ச் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. டாடி இப்படியே நேரா போயிடலாம்ங்கறார். கெளம்பிட்டோம்.”

என் நிம்மதி அங்கேயே இறங்கிக்கொண்டது. ஆட்டோவோ ஒரு லாரிக்குப் பின்னால் அசையாமல் நின்றது. நான் கால்களை ஆட்டினேன், எட்டிப் பார்த்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், “தம்பி, ஆட்டோ ஆடுது” என்றார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “இன்னா சார், அவசரமா கீதா? எறங்கி நடந்தா நீ முன்னாடி பூடுவ” என்றார்.

அது நல்ல யோசனையாகப் பட்டது. காசைக் கொடுத்தேன், குதித்தேன், ஓடினேன். ஓடிக்கொண்டே ஷீபாவுக்குப் போன் செய்து, “மெதுவா வாங்க, அவசரமே இல்ல” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். தெருமுனைக்கு வந்து போனைப் பையில் போடலாம் என்று கையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, கையில் பை இல்லை.

திரும்பி ஓடினேன். லாரியும் இல்லை, ஆட்டோவும் இல்லை. ஸ்டாண்டில் இருந்த இன்னொரு டிரைவரிடம் கேட்டேன்.

“எந்த வண்டி சார்?”

“மஞ்சள் வண்டி.”

அவர் தனக்குப் பின்னால் வரிசையாக நின்ற மஞ்சள் வண்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் இத்தாலி செம்பாக்கம் பக்கம் போய்விட்டது.

தெருமுனைக் கடையில் ஒரு பால் பிரெட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா புடவை மாற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள். “எல்லாம் கெடச்சுதா?” என்றாள். “எல்லாம்” என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தக்காளி இருந்தது. பூண்டு இருந்தது. தக்காளியை நறுக்கி உப்புப் போட்டேன். (உப்புப் போட்டால் தக்காளி தண்ணீர் விடும் என்பது வீடியோவில் இல்லை. அல்லது அந்த இடத்தில் நான் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) தோசைக்கல்லில் பிரெட்டை வாட்டினேன். அதன்மேல் பூண்டைத் தேய்த்தபோது, கட்டைப் பிரெட் தாங்கும் வேலையைப் பால் பிரெட் தாங்காமல் கிழிந்தது. கிழிந்த இடத்தைத் தக்காளியால் மூடினேன். இன்னும் இரண்டு பொருள் பாக்கி. இலை, எண்ணெய்.

அவர்கள் வருகிறார்களா என்று பார்க்க பால்கனிக்கு ஓடினேன். வரவில்லை. சமையலறைக்கு ஓடினேன். மறுபடி பால்கனி. இப்படி எத்தனை தடவை போய்வந்தேனோ, ஒரு தடவை தெருவைப் பார்ப்பதற்குப் பதில் பால்கனியைப் பார்த்தேன். அங்கே அம்மாவின் துளசித் தொட்டி செழித்து நின்றது. பேசில் துளசி குடும்பம்தான் என்று வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர்மேல், வெயிலில் ஜம்மென்று ஒரு பாட்டில். லேபிளில் ஆலிவ் ஆயில் என்று போட்டிருந்தது. நம் வீட்டில் ஏது இது, ஏன் வெயிலில் நிற்கிறது என்று ஒரு சாதாரண மனிதனுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு, கடவுள் இருக்கிறார் என்று மட்டும்தான் தோன்றியது.

துளசியை ஒரு கை பறித்தேன். எல்லாமே ஃபிரெஷ்ஷாக இருக்கவேண்டும் அல்லவா. அதைவிட ஃபிரெஷ் இத்தாலியிலேயே கிடைக்காது. நறுக்கித் தூவி, எண்ணெயை வீடியோவில் பார்த்த அதே உயரத்திலிருந்து தெளித்தேன். ஏதோ ஒரு வாசனை வந்தது. வெளிநாட்டு வாசனை என்று எடுத்துக்கொண்டேன். அப்போது காலிங் பெல் அடித்தது.

செல்வராஜ் அங்கிள் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். ரோஸ்லின் ஆன்ட்டி அவர் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. எதிரில் அப்பாவும் அம்மாவும். ஷீபா நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நீதிமன்றத்தில் சாட்சி மாதிரி. தண்ணீர் வந்தது. வெயில் பற்றிப் பேசினார்கள். வெயில் தீர்ந்ததும் மெட்ரோ வருமா வராதா என்று பேசினார்கள். அதுவும் தீர்ந்தது. ஆன்ட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் தட்டோடு வந்தேன்.

“தம்பியே பண்ணுனதா?” என்றார் அங்கிள்.

“ஆமா அங்கிள். இத்தாலியன்.”

ஷீபா முகத்தில் பெருமை. அந்த ஒரு பார்வைக்காக நான் இன்னொரு பாட்டில் எண்ணெயையும் தெளித்திருப்பேன். எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பசியில் வந்த அங்கிள் பாதியை ஒரே கடியில் எடுத்தார். மென்றார். மெல்லுவது மெதுவாகக் குறைந்து, நின்றுபோனது. ஆன்ட்டி ஓரத்தில் கொஞ்சமாகக் கடித்தார். பிறகு மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டு, நிதானமாக என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது பூஜையில வச்சதா?”

“இல்ல ஆன்ட்டி. சத்தியமா இல்ல. இது இத்தாலி.”

“வாசனை அப்படி வருதேப்பா.”

அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது. சொல்லியனுப்பியும் செய்துவிட்டார்களே என்ற வருத்தம். ஷீபா என்னைப் பார்த்த பார்வையில் முன்பிருந்த பெருமை இல்லை. தட்டைப் பிடித்தபடி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன்.

அம்மா தன் வீட்டு மானத்தைக் காப்பாற்ற தன் கையில் இருந்ததைக் கடித்தாள். அவள் முகமும் மாறியது.

“டேய். இது என் துளசி.”

“பேசில் துளசி குடும்பம்மா.”

“ஞாயித்துக்கிழமை துளசியைப் பறிச்சியா? நானே பறிக்க மாட்டேனே. யாரைக் கேட்டுடா பறிச்ச?”

இதற்குமேல் மோசமாக ஆக ஒன்றுமில்லை என்று நான் நினைத்த அந்த நேரத்தில்தான், அதுவரை கருத்து எதுவும் சொல்லாமல் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டு முடித்திருந்த அப்பா, விரலைத் துடைத்துக்கொண்டே திருப்தியாகச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு. அப்படியே பெருமாள் கோயில் தீர்த்தம்.”

ஆன்ட்டி கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். அங்கிள் வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்.

அம்மாதான் திடீரென்று, “துளசி சரி. கற்பூர வாசனை எங்கேருந்து வருது?” என்றாள்.

“கற்பூரம் எதுவும் போடலம்மா. எண்ணெய் மட்டும்தான்.”

“எந்த எண்ணெய்?”

“பால்கனியில வெயில்ல இருந்துதே. ஆலிவ் ஆயில்.”

அப்பாவின் கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போனது.

“அது என் முட்டிவலி எண்ணெய்டா. சூடம் பொடிச்சுப் போட்டு நேத்துதான் காய வச்சேன்.”

கிளம்புவதற்காக எழுந்த ரோஸ்லின் ஆன்ட்டி, எழுந்த வேகத்திலேயே வேறு ஆளாகிவிட்டார். பம்மலில் இருந்து மகளின் கல்யாண விஷயமாக வந்த பெண்மணியைக் காணோம். அங்கே ஒரு நர்ஸ் நின்றார்.

“யாரும் முழுங்காதீங்க. வாயில இருக்கறதத் துப்புங்க. வாஷ்பேசின் எங்க?”

அப்படி ஒரு குரலை எங்கள் வீடு கேட்டதில்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றோம். முதலில் அங்கிள், பின்னால் அம்மா, அதற்குப் பின்னால் ஷீபா. கேட்க ஆயிரம் கேள்வி இருந்த இரண்டு குடும்பமும் ஒரே வாஷ்பேசினில் மாற்றி மாற்றிக் கொப்பளித்தது. அங்கிள் தன் முறை முடிந்ததும் அம்மாவுக்குக் குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். “தேங்க்ஸுங்க” என்றாள் அம்மா. வெயிலையும் மெட்ரோவையும் விட்டால், இரண்டு தரப்பும் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் எதையும் வாயில் வைக்கவில்லை. ஆனாலும் வரிசையில் நின்று கொப்பளித்தேன். நிற்காமல் இருக்கும் தைரியம் இல்லை.

ஆன்ட்டி பாட்டிலை வாங்கி முகர்ந்தார். எவ்வளவு சூடம் போட்டீர்கள், எவ்வளவு தெளித்தாய் என்று தனித்தனியாக விசாரித்தார். தன் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். வைத்துவிட்டு, “கொஞ்சம்தான் உள்ள போயிருக்கும். பயப்பட வேணாம். ஆனா சார் முழுசா சாப்பிட்டிருக்கார். சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கணும். ஏதாவது ஆனா உடனே ஆஸ்பத்திரி. நான் இங்கயே இருக்கேன்” என்றார்.

அரை மணி நேரத்தில் கிளம்புவதாக வந்தவர்கள் இப்படித்தான் எங்கள் வீட்டில் ஒரு பகல் முழுக்கத் தங்கினார்கள்.

அப்பாவை சோபாவில் சாய்த்து உட்காரவைத்து, அவ்வப்போது நாடி பார்த்தார் ஆன்ட்டி. அப்பாவுக்கு அவ்வளவு கவனிப்பு பழக்கமில்லை. முதலில் கூச்சப்பட்டவர், பிறகு தானாகவே கையை நீட்ட ஆரம்பித்தார். அங்கிளும் அவரும் முழங்கால் பற்றிப் பேசினார்கள். பட்டறையில் நின்று நின்று அங்கிளுக்கும் அதே வலி. அந்த எண்ணெயில் இன்னும் என்ன சேர்க்கலாம் என்று பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி நடந்தது. ஷீபா பால்கனிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“சீனு, ஒரு விஷயம் சொல்லு. ஒரு தடவையாவது இத நீ முன்னாடி செஞ்சு பாத்திருக்கியா?”

“வீடியோவுல...”

“ஓகே” என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. துளசித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

மதியம் தாண்டியது. எல்லோருக்கும் பசி. அம்மா சமையலறை வாசலில் தயங்கி நின்றாள். பிறகு ஆன்ட்டியிடம் நேரடியாகவே சொன்னாள். “ஒளிச்சுப் பேச வேணாம்ங்க. நான் எது பண்ணாலும் சாமிக்குக் காட்டாம எனக்கு முடியாது. நீங்க அத சாப்பிட மாட்டீங்க. என்ன பண்றதுன்னு தெரியல.”

ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார். “நான் பண்றேன். நீங்க சாமான எடுத்துக் குடுங்க. ஆனதும் உங்க பங்கத் தனியா எடுத்து நீங்க காட்டிக்கங்க. நாங்க எங்க ஜெபத்தப் பண்ணிட்டு எங்க பங்கச் சாப்பிடறோம்.”

அம்மா தன் சமையலறையில் யாரையும் கரண்டி தொடவிட்டதில்லை. அன்று விட்டாள். (காலையிலிருந்து நான் செய்திருந்த காரியத்துக்குப் பிறகு, வேறு யார் தொட்டாலும் அது முன்னேற்றம்தான்.) மிச்சமிருந்த தக்காளியைப் போட்டு ஆன்ட்டி ஒரு ரவை உப்புமா கிண்டினார். உள்ளே இரண்டு பேரும் என்னைத் திட்டுகிற சத்தம் ஹால்வரை கேட்டது. ஒருவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார்.

“படிச்ச பையன், பாட்டிலை மோந்து பாக்க வேணாமா?”

“ஞாயித்துக்கிழமைல துளசியைப் பறிச்சிருக்கான் பாருங்க.”

“அவனக் கிச்சன் பக்கம் விடாதீங்கம்மா.”

“நான் விட மாட்டேங்க. நாளைக்கு ஷீபாவும் விடக்கூடாது.”

சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்கவேண்டும். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு ஆன்ட்டியின் குரல், மெதுவாக: “சொல்லி வைக்கறேன். அவளும் லேசுப்பட்டவ இல்ல.”

நான் ஹாலில் அன்று முதல்முறையாக உட்கார்ந்தேன்.

கல்யாணம் சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கே, எப்படி என்று அதற்குப் பிறகும் நிறையப் பேச்சு இருந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. இப்போது எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அப்பா அன்று உள்ளுக்குச் சாப்பிட்டதிலிருந்து முட்டிவலி குறைந்துவிட்டதாக, யார் மறுத்தாலும், சாதித்துக்கொண்டிருக்கிறார்.

நான் சமைப்பதை விடவில்லை. ஒழுங்காகவே கற்றுக்கொண்டேன். போன மாதம் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தபோது, அலுவலகத்துக்கு லீவு போட்டுப் பொறுப்பாகத் தக்காளி சாதம் செய்தேன். ஒவ்வொரு பொருளையும் முகர்ந்து பார்த்துத்தான் போட்டேன். பரிமாறிவிட்டு நின்றேன். எல்லோரும் ஒரு வாய் எடுத்து வைத்தார்கள். யாரும் மெல்லவில்லை. அப்பா, அம்மா, மாமா, ஷீபா, எல்லோரும் கன்னம் உப்ப, கண்ணை உருட்டியபடி ரோஸ்லின் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிறக்கவே பிறக்காத என் மகளும்கூட.

அத்தை மென்றார். யோசித்தார். கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தார்.

“ம். முழுங்கலாம்” என்றார்.

அப்புறம்தான் வீடு விழுங்கியது.